பயன் கருதாப் பார்வை

மனிதர் செய்யும் ஒவ்வொரு செயலையும் நோக்கி, அதனால் விளையும் பயன் யாது என வினவுதல் இக்கால உலகின் இயல்பாகிவிட்டது. பயன் கூற இயலாத செயல் வீண்செயல் என்றும், அதில் ஈடுபடுபவர் பொறுப்பற்றவர் என்றும் எளிதில் முடிவு கட்டப்படுகின்றது. இம்முடிவு எத்துணை ஏற்புடையது என்பதனை ஆராய்வதற்குச் சிறியதொரு பொழுதுபோக்கே போதுமானதாகும். புகையிரதப் பாதையோரத்திலே மணிக்கணக்காகக் காத்து நின்று, கடந்து செல்லும் சரக்கு வண்டியைப் பார்த்தல், அதனை இழுத்துச் செல்லும் இயந்திரத்தின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுதல், அதனைப் படம் பிடித்தல் என்பனவே அப்பொழுதுபோக்கின் கூறுகள்.

பயணிகள் வண்டிக்காகக் காத்திருப்பவருக்குக் காரணம் உண்டு. அதிலே அவருடைய உறவினர் வந்து இறங்கலாம். அவரே அதில் ஏறிச் செல்லவும் கூடும். சரக்கு வண்டியோ பார்ப்பவருக்கென்று எதனையும் கொண்டுவருவதில்லை. அது அவரை ஏற்றிச் செல்வதில்லை. பயணிகளுக்கான நேர அட்டவணையிலும் அதற்கு இடமில்லை. எண்ணெய்த் தாங்கிகளும் மூடிய பெட்டிகளும் திறந்த பெட்டிகளுமாக மெல்ல நகர்ந்து அது மறைந்துவிடுகின்றது. இத்தகைய ஒன்றினை விரும்பிக் காண்பது பயன் கருதாப் பார்வையின் தூய வடிவம் எனலாம். தனக்கு உரித்தல்லாத, தனக்கு எதனையும் தராத ஒன்றினைக் கவனித்துப் பார்ப்பதற்கு அறவாழ்வில் இடம் உண்டா என்பதே இங்கு எழும் வினாவாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரையில் இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. வண்டி ஓடிய காலத்தையும், ஓடாத காலத்தையும், மீண்டும் ஓடும் காலத்தையும் கண்ட நிலம் அது.

இப்பொழுதுபோக்கு ஒரு பெரும் வழக்கமாக வளர்ந்தது பிரித்தானியாவிலேயாகும். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942 இல், இயன் அலன் என்னும் இளைஞர் தாம் பணியாற்றிய சதர்ன் ரெயில்வே நிறுவனத்தின் இயந்திரங்களுடைய இலக்கங்களைத் தொகுத்துச் சிறுநூலாக வெளியிட்டார். போர் முடிந்த பின்னர் அத்தகைய நூல்களைக் கையிலேந்திப் பாதையோரங்களிலும் மேடைகளிலும் கூடிய சிறுவர் பலர். அமெரிக்காவில் ஓ. வின்ஸ்ரன் லிங்க் என்னும் ஒளிப்படக் கலைஞர், 1955 தொடக்கம் 1960 வரை, நோர்போக் அன்ட் வெஸ்ரேர்ண் புகையிரதப் பாதையில் மறைந்துகொண்டிருந்த நீராவி இயந்திரங்களை, பெரும்பாலும் இரவு வேளைகளில், மின்னொளி விளக்குகளின் துணையுடன் படம் பிடித்தார். 1956 இல் அவர் எடுத்த புகழ்பெற்ற படமொன்றிலே, திறந்தவெளித் திரையரங்கில் காரினுள் அமர்ந்து திரையை நோக்குகின்றனர் ஓர் இணையர். திரைக்கு அப்பால் வெண்புகை கக்கிக்கொண்டு விரைகின்றது ஒரு சரக்கு வண்டி. திரையிலே தோன்றுவதோ ஆகாயவிமானம்! ஒரு சமுதாயம் தன்னைத் தாங்கிச் செல்வதைக் காணாது, வேறொன்றில் கண்ணைப் பதித்திருக்கும் நிலைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

அந்நிலை யாழ்ப்பாணத்துக்கும் புதியதன்று. குடாநாட்டினுள் 1902 இல் முதல் வண்டி ஓடிற்று. 1905 இல் வடக்குப் பாதை முழுமையுற்றுக் கொழும்புடன் காங்கேசன்துறை இணைந்தது. ஆயின், யாழ்ப்பாணச் சமுதாயம் புகையிரதத்தைக் கண்ட கண் உத்தியோகத்தின் கண்ணாகவே பெரிதும் இருந்தது. மலாயாப் புகையிரதச் சேவையில் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் பணியாற்றி, ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியோர் பலர். உள்ளூரிலோ அது பிள்ளைகளைக் கொழும்புக்குப் படிப்புக்கும் வேலைக்கும் கொண்டுசென்ற 'கோச்சி' ஆகும். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, குடும்பங்களின் பிரிவுக்கும் வருகைக்கும் ஒரு குறியீடாகவே ஆகிவிட்டது. யாழ்தேவியை எல்லோரும் அறிந்திருந்தனர். அதே தண்டவாளத்தில் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற சரக்கு வண்டியை அறிந்தவர் சிலரே.

எனினும் குடாநாட்டின் பொருளியல் வாழ்வு அவ்வண்டியிலும் தங்கியிருந்தது. 1950 இல் நிறுவப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் உற்பத்தி தெற்கு நோக்கிச் சென்றது. 1970 தொடக்கம் 1977 வரையிலான காலப்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவியபோது, வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் நாடு முழுவதற்கும் வேண்டப்பட்டன. தெற்கிலிருந்து அரிசியும் மாவும் எரிபொருளும் வந்தன. ஒரு மூட்டை மாவு சுன்னாகத்துக் கடையொன்றை அடைவதற்கு முன்னர் எத்தனை தோள்களைக் கடந்தது, எந்தப் பெட்டியில் எத்தனை நாள் கிடந்தது என்பதனை உண்பவர் எவரும் எண்ணியதில்லை. எண்ண வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒழுங்காக நிகழ்வது கண்ணுக்குத் தெரியாது போதல் மனித இயல்பு.

1990 யூன் மாதத்துடன் அவ்வொழுங்கு அறுந்தது. அதன் பின்னர் 24 ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக்கு வண்டி வரவில்லை. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. எரிபொருள், உரம், சீமெந்து, மின்கலம் முதலான பொருள்கள் குடாநாட்டுக்குள் வருவது தடைசெய்யப்பட்டது; சவர்க்காரமும் நெருப்புப் பெட்டியும் அரும்பொருள்களாயின. 2006 ஓகஸ்ட் மாதத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது, கப்பலில் வரும் உணவுப் பொருளுக்காக மக்கள் நீண்ட வரிசைகளில் நின்றனர். பொருள் வந்த வழியை எண்ணிப்பாராத சமுதாயம், வழி அடைபட்ட பின்னர் ஒவ்வொரு மூட்டையையும் எண்ணக் கற்றுக்கொண்டது.

இங்குதான் பாதையோரத்திலே குறிப்பேட்டுடன் நிற்பவரின் செயல் புதிய பொருள் பெறுகின்றது. ஏனையோர் வண்டி நின்றபோது கண்டதை, அவர் அது ஓடும்போதே காண்கின்றார். இழப்பு வந்து கற்பிக்கும் முன்னரே கற்றுக்கொள்ளும் வழி ஒன்று உண்டெனில், அது இத்தகைய கவனமேயாகும். நன்றியுணர்வு என்பது பெற்ற உதவிக்கு மறு உதவி செய்வது மட்டுமன்று. உதவி வந்துகொண்டிருப்பதை அறிந்திருத்தலே அதன் முதற்படி. அறியாத ஒன்றிற்கு எவராலும் நன்றி செலுத்த இயலாது.

மேலும், கவனித்தவர் இல்லாதவிடத்துப் பதிவும் இல்லாது போகின்றது. நீராவி இயந்திரங்களைத் தேடி இலங்கைக்கு வந்த வெளிநாட்டு ஆர்வலர்கள் பலர். அவர்கள் எடுத்துச் சென்ற படங்கள் இன்று வரலாற்றுச் சான்றுகளாகிவிட்டன. நாள்தோறும் அவ்வண்டிகளைக் கண்ட ஊரவரின் கைகளிலோ அத்தகைய படங்கள் அரிதாகவே உள்ளன. இருந்த குடும்பப் படங்களையும் இடப்பெயர்வுகள் அழித்தன. கொழும்புத் திட்டத்தின் கீழ், 1954 தொடக்கம் கனடாவின் உதவியுடன் இலங்கைக்கு வந்த எம்2 வகை டீசல் இயந்திரங்களுக்குக் கனடாவின் மாகாணங்கள், நகரங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அவ்வகையைச் சேர்ந்த, பின்னர் வந்த இரண்டு இயந்திரங்களுக்கு மட்டும் 'காங்கேசன்துறை', 'காலி' என இந்நாட்டு ஊர்ப் பெயர்கள் அமைந்தன. இரண்டுமே சீமெந்து ஆலைகள் இருந்த ஊர்கள் என்பது கருதற்பாலது. காங்கேசன்துறைக்குப் பாதையே இல்லாதிருந்த ஆண்டுகளிலும் அவ்வூரின் பெயரைத் தாங்கிய இயந்திரம் தெற்கின் தண்டவாளங்களிலே ஓடியது. ஊரவர் தம் ஊருக்குச் செல்ல முடியாதிருந்த காலத்தில், எங்கோ ஒரு பாதையோரத்தில் நின்ற ஆர்வலர் ஒருவரின் குறிப்பேட்டில் அவ்வூர்ப் பெயர் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. எழுதியவர் அதன் துயரத்தை அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆயினும் அவருடைய பயனற்ற பழக்கம் ஒரு பெயரைக் காத்தது.

இப்பொழுதுபோக்கிற்கு எதிராக எழக்கூடிய மறுப்புகளுள் மூன்று முதன்மையானவை.

முதலாவது மறுப்பு, இது காலவிரயம் என்பது. வறுமையும் வேலையின்மையும் நிலவும் நாட்டில் இளைஞர் ஒருவர் வண்டி பார்த்து நிற்கலாமா எனப் பெற்றோர் வினவுவர். படிப்பையே மூலதனமாகக் கொண்ட யாழ்ப்பாணச் சமுதாயத்தில் இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயின், பயன் என்பது எப்பொழுதும் வேறொன்றைச் சுட்டும் சொல்லாகும். படிப்பு உத்தியோகத்துக்கு, உத்தியோகம் ஊதியத்துக்கு, ஊதியம் வாழ்வுக்கு எனச் சென்றால், அவ்வாழ்வு எதற்கு என்னும் வினாவில் அச்சங்கிலி முடிவுறுகின்றது. அங்கே, தன்பொருட்டே விரும்பத்தக்க சில செயல்கள் இருத்தல் வேண்டும். இல்லையேல் முழுச் சங்கிலியும் பொருளற்றதாகும். அழகை நுகர்தல் தன்னல நாட்டமற்ற இன்பம் என 1790 இல் வெளிவந்த தமது நூலில் கான்ட் விளக்கினார். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் மருட்கையை ஒன்றாக வைத்து, புதுமை, பெருமை, சிறுமை, ஒன்று பிறிதாதல் ஆகியவற்றை அதன் நிலைக்களன்களாகக் கொண்டார். கடலேரியின் ஓரமாக, வானத்தை வரம்பாகக் கொண்டு நகரும் நீண்ட வண்டித்தொடரிலே பெருமையும் உண்டு. தொலைவிலே அது புள்ளியாகத் தேய்கையில் சிறுமையும் உண்டு. வியக்கும் ஆற்றலை இழந்த மனம் எத்தொழிலையும் செய்யலாம்; தான் செய்யும் தொழிலின் பொருளை அது உணரமாட்டாது.

இரண்டாவது மறுப்பு இதனிலும் வலியது. சரக்கு வண்டி உழைப்பின் வடிவம். அதனைக் காட்சிப் பொருளாக்கி இன்புறுவது, பிறர் வியர்வையை அழகாக்கி நுகர்வதாகாதா? பெட்டிகளின் நிறத்தையும் இயந்திரத்தின் வகையையும் நுணுகி அறிந்தவருக்கு, மூட்டை சுமந்த நாட்டாமையின் தோள் தெரிகின்றதா? கொதிக்கும் வெயிலில் தண்டவாளத்துக்குக் கல்லிட்டுச் செப்பனிடும் தொழிலாளி அவருடைய படத்தில் இடம்பெறுகின்றாரா? இம்மறுப்பில் உண்மை உண்டு. அஃறிணைப் பொருளின்மீது அன்பு கொண்டு, அதனை இயக்கும் மனிதரை மறத்தல் எளிது.

வரலாறு இதற்குக் கொடிய சான்றொன்றைத் தருகின்றது. 1942, 1943 ஆம் ஆண்டுகளில், யப்பானியர் சீயத்தையும் பர்மாவையும் இணைக்கப் புகையிரதப் பாதை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பெருந்தொகையான தமிழ்த் தொழிலாளர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். கொண்டுசென்றவை சரக்குப் பெட்டிகள். சென்றவர்களுள் மிகப் பலர் காட்டிலே நோயாலும் பசியாலும் மாண்டனர். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் யூதர்கள் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். மூடிய பெட்டிகள் கடந்து செல்வதைப் பாதையோரத்தில் நின்று கண்டவர்கள் இருந்திருப்பர். இலக்கத்தை மட்டும் காணும் கண், பெட்டியினுள்ளே இருப்பது யாது என வினவாத கண், அத்தகைய வேளையில் குருட்டுக் கண்ணேயாகும்.

ஆகவே பயன் கருதாப் பார்வைக்கும் ஒரு கடமை உண்டு. பயனை வேண்டாதிருத்தல் அதன் உரிமை. வினவாதிருத்தல் அதன் உரிமை ஆகாது. இவ்வண்டி எங்கிருந்து வருகின்றது, எதனை ஏற்றியுள்ளது, ஏற்றியவர் யார், அது சேரும் இடத்தில் எவர் அதனை எதிர்பார்த்து நிற்கின்றனர் என்னும் வினாக்களை எழுப்பும்போது, பொழுதுபோக்கு அறிவாக வளர்கின்றது. உண்மையில், இவ்வார்வலர்களுட் சிறந்தோர் அவ்வாறே வளர்ந்துள்ளனர். வின்ஸ்ரன் லிங்க் தமது படங்களில் இயந்திரத்தைத் தனித்து நிறுத்தவில்லை. பாதையை அண்டி வாழ்ந்த மக்களின் வீட்டு முற்றத்தையும் கடையையும் ஆற்றங்கரையையும் அதனோடு சேர்த்தே காட்டினார். பார்வையின் எல்லை விரிந்தால் மறுப்பின் வலிமை குறையும். பார்ப்பதை விட்டொழிப்பதால் அவ்விளைவு உண்டாகாது. நாட்டாமையின் தோளைக் காணாதவர்களுள் பெரும்பாலோர் வண்டியையும் காணாதவர்களே.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. படம் பிடிக்கும் ஆர்வத்தில் தண்டவாளத்தின்மீது நிற்போர், தம் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. பாரமேற்றிய வண்டியைச் சாரதி நினைத்தவுடன் நிறுத்த இயலாது. தன் கண்முன்னே ஒருவர் மாள்வதைத் தடுக்க முடியாது காணும் சாரதி, வாழ்நாள் முழுவதும் அக்காட்சியைச் சுமக்க வேண்டியவராகின்றார். பாதையில் அத்துமீறி நடத்தல் சட்டப்படியும் குற்றமாகும். காவலற்ற கடவைகளால் ஏற்கெனவே பல உயிர்களை இழந்த வடபுலத்தில் இதனை வலியுறுத்துதல் மிகையன்று. எதனையும் வேண்டாத பார்வை, எவரிடமிருந்தும் எதனையும் பறிக்காத பார்வையாகவும் இருத்தல் வேண்டும்.

இம்மறுப்புகளைக் கடந்த பின்னரும், குடாநாட்டுக்கே சிறப்பாக உரிய ஒரு கருத்து எஞ்சுகின்றது. காரணம் கூறாது ஓரிடத்தில் நின்று பார்ப்பதற்குச் சமுதாயத்தில் அமைதி நிலவவேண்டும். போர்க்காலத்தில், சோதனைச் சாவடிகளின் நடுவே, 'இங்கே ஏன் நிற்கின்றாய்?' என்னும் வினாவுக்கு விடை கூறமுடியாதவர் ஐயத்துக்கு உரியவரானார். பாலத்தையோ பாதையையோ நோக்கிக் கமராவை உயர்த்துதல் உயிராபத்தை விளைவிக்கக்கூடிய செயலாயிருந்தது. ஒவ்வொருவரும் தமது நடமாட்டத்துக்குப் பயன் காட்டவேண்டிய கட்டாயம் நிலவியது. பயனை மட்டும் கேட்கும் சமுதாயமும் காரணத்தை மட்டும் கேட்கும் சோதனைச் சாவடியும் ஒன்றல்லவெனினும், இரண்டும் தம் முன் நிற்பவரை ஒரே வினாவால் அளக்கின்றன. அவ்வினாவுக்கு, 'வெறுமனே பார்க்கின்றேன்' என அச்சமின்றி விடை கூறமுடிகின்ற நிலையே குடியுரிமையின் எளிய, ஆயின் உறுதியான அடையாளங்களுள் ஒன்றாகும்.

2014 ஒக்டோபர் மாதத்தில் வண்டி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 சனவரியில் காங்கேசன்துறை வரை சேவை நீண்டது. இந்தியக் கடனுதவியுடன், இர்கொன் நிறுவனம் அப்பாதையைப் புதிதாக அமைத்தது. ஆயினும் அப்பாதையில் இன்று ஓடுவன பெரும்பாலும் பயணிகள் வண்டிகளே. குடாநாட்டின் பொருள்கள் பெரும்பகுதியும் ஏ-9 வீதியில் லொறிகளில் வருகின்றன. திருகோணமலையிலிருந்து மாவையும், கொலன்னாவையிலிருந்து எரிபொருளையும், அருவக்காலுவிலிருந்து புத்தளம் ஆலைக்குச் சுண்ணாம்புக் கல்லையும் ஏற்றிச் சென்ற சரக்கு வண்டிகளைக் காண விரும்பிய ஆர்வலர் தெற்கு நோக்கியே செல்லவேண்டியிருந்தது. சீமெந்துத் தொழிற்சாலையோ 1990 இற்குப் பின்னர் தன் பழைய உற்பத்திக்குத் திரும்பவில்லை. வண்டி மீண்டது, அது சுமந்து சென்ற உற்பத்தி மீளவில்லை என்பதனை எந்தத் திறப்புவிழா உரையும் கூறாது. பாதையோரத்தில் நின்று, கடந்து செல்லும் பெட்டிகளைத் தொடர்ந்து எண்ணுபவரின் குறிப்பேடு அதனைக் கூறும். பயணிகள் பெட்டிகள் இத்தனை, சரக்குப் பெட்டிகள் இல்லை என்னும் ஒரு வரி, ஒரு நிலத்தின் பொருளியல் நிலையைப் பற்றிய உரையாகவே அமைந்துவிடுகின்றது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, சரக்கு வண்டியைப் பார்த்தல் என்னும் பொழுதுபோக்கு அறத்துக்குப் புறம்பானது அன்று என்பது புலனாகும். அதனைப் பேரறம் எனப் போற்றவும் வேண்டியதில்லை. அது கவனத்தின் பயிற்சி. உழைப்பவரையும் உள்ளடக்கும் அளவுக்கு விரியுமாயின், அது நன்றியின் பயிற்சியுமாகும். ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு உணவைக் கொண்டுவந்த வண்டியை எவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அது நின்றபோது, எப்படி இருந்தது எனக் காட்டுவதற்குப் படமும் அரிதாயிற்று. இன்று நாவற்குழியிலோ கொடிகாமத்திலோ பாதைக்கு அப்பால், பாதுகாப்பான தூரத்தில், ஓர் இளைஞர் குறிப்பேட்டுடன் நிற்பாராயின், அவரை நோக்கி இதனால் என்ன பயன் எனக் கேட்பதற்கு முன்னர், தம் வீட்டு அரிசி எவ்வழியால் வந்தது என்பதனைக் கேட்பவர் தமக்குள் ஒருமுறை வினவிக்கொள்ளுதல் தகும்.